நேர் வகிடு

ஐப்பசி மாதத்தில் கிரீம் பூசியிருக்கிறேன். இந்த வீட்டில் இதுவரை நடக்காத காரியம். வெளியே மூட்டம் போட்டு இருண்டு கிடக்கிறது, விடியக்காலையில் பெய்த மழையின் மிச்சம் தகரத்திலிருந்து பக்கெட்டில் சொட்டிக்கொண்டிருக்கிறது, நான் என்னவோ சித்திரை மாதத்து உச்சி வெயிலுக்குக் கிளம்புகிறவள் மாதிரி முகம், கழுத்து, காது, காதின் பின்புறம், புறங்கை என்று ஒரு இடம் விடாமல் அப்பிக்கொண்டு மணையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு இடம் விடாமல் என்று இனிமேல் நான் சொல்லக்கூடாது. இனி இருபது நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பூசின கையோடு வெளியே ஓடக்கூடாது, தோலில் பிடிக்க அதற்கு நேரம் வேண்டும் என்று சின்ன வயதில் யாரோ ஒரு டாக்டர் சொன்னார், அவர் குரல்கூட மறந்துவிட்டது, இருபது நிமிடம் மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. அந்த இருபது நிமிடத்தில்தான் அம்மா எனக்குத் தலை பின்னிவிடுவாள். கிரீம் இல்லாத மாதங்களிலும் அதே நேரம், அதே மணை. முப்பத்தொரு வயதுக் கழுதைக்குத் தாய்க்காரி தலை பின்னிவிடுகிறாளா என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். பிறவியிலேயே தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறம் இல்லாமல் வந்தவள் நான், வெளிச்சம் பட்டால் கண் கூசி ஆடும், கண்ணாடியில் என் மூக்குத் தெரிய வேண்டுமென்றால் மூக்கு கண்ணாடியில் முட்ட வேண்டும். கோவில்பட்டி முழுக்க என்னைத் தெரியும், எனக்குத்தான் பாதிப் பேரைத் தெரியாது, பக்கத்தில் வந்து பேசினால் குரலை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்வேன். அம்மாவுக்கு இப்போது இரண்டு கண்ணிலும் புரை. எங்கள் இரண்டு பேர் கண்ணையும் சேர்த்துப் போட்டால் ஒரு நல்ல கண் தேறும். அவள் விரலால் பார்த்துத்தான் பின்னுகிறாள். கண்ணை ஏமாற்றிவிடலாம். எனக்கு அந்த விரலை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.

எண்ணெய்ப் புட்டியைத் திறக்கிற சத்தம் கேட்கிறது. முட்டிகள் நெட்டி முறிய அம்மா என் பின்னால் ஸ்டூலில் உட்காருகிறாள். "என்னட்டி, கிரீம் வாசம் வருது" என்கிறாள். சும்மாதான், தீர்ந்து போகப் போகுது, கெட்டுப்போறதுக்கு முன்னாடி பூசிட்டேன் என்கிறேன். தீர்ந்து போகிற பொருள் எப்படிக் கெட்டுப்போகும் என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. உள்ளங்கைகளை உரசிக்கொள்கிறாள். பத்து நாளாக அவளைத் தலையைத் தொட விடவில்லை. ஆபீஸில் ஜன்னல் ஷட்டர் தலையில் இடித்துவிட்டது, இரண்டு தையல், பிரிக்கிற வரைக்கும் பத்து நாள் சீப்பு படக்கூடாதாம் என்று சொல்லிவைத்திருந்தேன். பாத்து நடக்கணும் என்றாள், அவ்வளவுதான். இடித்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். தையல் போட்டது மதுரையில், தலையிலிருந்து ஒரு துணுக்கை அரிந்து பரிசோதனைக்கு அனுப்பியதற்காக. நேற்று தையலைப் பிரித்துக் கையில் முடிவைக் கொடுத்தார்கள். அந்தக் கவர் கதவு ஆணியில் தொங்குகிற என் கைப்பையில் இருக்கிறது. புற்று. திங்கட்கிழமை வந்து படுத்துக்கொள்ள வேண்டும், தலையைச் சிரைப்பார்கள், அந்த இடத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோலை உரித்து ஒட்டுவார்கள். இன்றைக்கு வியாழன். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தெரியக்கூடாது. இந்த இருபது நிமிடத்தைத் தாண்டிவிட்டால் நாளைக்கு ஏதாவது சாக்கு, சனி ஞாயிறு தலைக்குக் குளித்து ஈரம் என்று சாக்கு, அப்புறம் திங்கள். நான் போட்ட கணக்கு இவ்வளவுதான், பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குப் போகாமலிருக்க வயிற்று வலி வரவழைத்த மாதிரி.

அம்மா முடியின் நுனியைப் பிடித்துச் சிக்கெடுக்கிறாள். எப்போதும் கீழேயிருந்து மேலே ஏறுவாள், சிக்கு முழுதும் போன பிறகுதான் வகிடு. வகிடுதான் கடைசி. அதுவரைக்கும் எனக்கு நேரம் இருக்கிறது. போனைத் தொட்டால் உள்ளே இருக்கிற பெண் எட்டு மணி நான்கு நிமிடம் என்கிறாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு கவலையும் இல்லை, நானும் வேலை நேரத்தில் அப்படித்தான் பேசுவேன். கரண்ட் போனால் புகார் சொல்கிற போனை எடுக்கிற வேலை எனக்கு. எப்பம்மா வரும் என்று கேட்பார்கள், ஆள் போயிருக்காங்க சார், வந்துரும் என்பேன். போயிருக்கிறார்களா என்று எனக்கு எப்படித் தெரியும். சொல்கிற குரலில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நேற்று டாக்டரம்மாவிடம் சரியாயிரும்ல டாக்டர் என்று கேட்டபோது, பாத்துக்கலாம்மா, மொதல்ல எடுப்போம் என்று அவர் சொன்னது என்னுடைய குரல். கேட்ட உடனே தெரிந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக நான் அடுத்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததை எனக்கு ஒருத்தி கொடுத்தாள். கழுத்தின் இடப்பக்கம் கை வைத்து அமுக்கிப் பார்த்தார், இங்க நெறி கட்டியிருக்கே, எத்தனை நாளா என்றார். தெரியவில்லை என்றேன். தெரியும். ஆவணியிலிருந்து இருக்கிறது. புளியங்கொட்டை அளவுக்கு உருண்டு கொடுக்கும், ஆபீஸில் போன் வராத நேரத்தில் தடவிப் பார்த்துக்கொள்வேன். வலிக்காததால் அது ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டேன். இப்போதும் கை அங்கே போகிறது. அம்மா முழங்கையைத் தட்டுகிறாள். "அசையாம இருட்டி."

எத்தனை வருஷமா பூசுறீங்க என்று கேட்டார் டாக்டரம்மா. விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். இந்தப் பக்கத்தில் என்னைப் போல் பிறந்தவர்கள் யார் பூசினார்கள். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஊதுபத்தி விற்கிற ஒரு அண்ணன் உண்டு, என் ஜாதி என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன், நிறமில்லாத ஜாதி. ஒரு தடவை பேசியிருக்கிறேன். தலையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார், ஒரு பக்கம் துண்டு தட்டையாக இருந்தது, காது இல்லை. அண்ணாச்சி, நீங்க கிரீம் பூசலையா என்று கேட்டேன். அது பொம்பளைக பூசுறதும்மா என்று சிரித்தார். அடுத்த வருடம் அந்த இடத்தில் வேறு யாரோ சீப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் அவரைப் போல் இல்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன், எனக்கு அம்மா இருக்கிறாள், டியூப் இருக்கிறது, இருபது நிமிடம் இருக்கிறது. அந்தத் திமிர்தான் டாக்டரம்மாவுக்கு முன்னாலும் பேசியது. அவர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"வருஷம் பூராவுமா?"

"வெயில் காலத்துல டாக்டர். மாசியில இருந்து ஆவணி வரைக்கும்."

"மத்த மாசம்?"

"மழையும் பனியுமா இருக்கும்ல. அப்ப எதுக்கு."

பேனா நின்றது. "மழைக்காலத்துல பகல்ல லைட்டு போடாம உங்க கை உங்களுக்குத் தெரியுமா?" என்றார். கிட்ட வச்சா தெரியும் என்றேன். "அப்ப வெளிச்சம் இருக்குல்ல. அந்த வெளிச்சத்தோட இதுவும் சேர்ந்துதாம்மா வருது. சுட்டாத்தான் வெயில்னு நெனச்சுட்டீங்க." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். முப்பத்தொரு வருடத்தில் பாதி, கிட்டத்தட்ட பாதி, புரட்டாசி ஐப்பசி கார்த்திகை மார்கழி தை என்று ஐந்து மாதமும் திறந்த வீடாகக் கிடந்திருக்கிறது என் தோல். புரட்டாசி பிறந்தால் அம்மா டியூபின் வாயைத் துடைத்து மூடி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, பிரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் வைப்பாள். கோயில் மாசிக் கொடைக்கு எடுத்தா போதும் என்பாள். எனக்கு அது ஒரு விடுமுறை மாதிரி. முகத்தில் பிசுபிசுப்பு இல்லை, பிரார்த்தனைக் கூட்டத்தில் சிவப்பாகத் தடித்துப் போவதில்லை, பள்ளிக்கூடத்து மைதானத்தில் மற்றப் பிள்ளைகளோடு நானும் நிற்கலாம். மேகம் மூடிய நாளில் குடை பிடித்துப் போனால் ஊர் சிரிக்கும், மழையே பெய்யலையே, யாருக்கு இந்தக் குடை என்று. அதனால் குடையும் கிடையாது, முக்காடும் கிடையாது. என் வாழ்நாளில் நான் சந்தோஷமாக நடந்த நாளெல்லாம் மேகம் மூடிய நாள்தான். அதையும் இப்போது எடுத்துக்கொண்டார்கள். அது எதற்கு இப்போது. எதையோ நினைத்தேன், அழுகை வருகிறது, அழக்கூடாது, கிரீம் கரையும்.

சிக்கெடுத்து நடு முதுகுவரை வந்துவிட்டாள். மூச்சில் மிளகு வாசம், காலையில் ரசத்துக்கு இடித்திருக்கிறாள். அடுத்த கேள்வியைத்தான் நான் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன். வகிட்லயும் பூசுவீங்களா என்று கேட்டார் டாக்டரம்மா. வகிட்லயா என்று திருப்பிக் கேட்டேன், வகிடு என்பது என் உடம்பில் இருக்கிற இடம் என்றே அதுவரைக்கும் தோன்றியதில்லை. முகம் தோல், கை தோல், வகிடு என்பது முடிக்கு நடுவில் அம்மா போடுகிற கோடு. எண்ணெய் வைப்போம் டாக்டர் என்றேன். அவர் பிறகு தாளில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார், மேலே இருந்து பார்த்தால் தெரிகிற தலை, இரண்டு பக்கமும் காது, நடுவில் நேராக ஒரு கோடு, நெற்றியிலிருந்து நாலு விரல் தள்ளி அந்தக் கோட்டின் மேலேயே ஒரு சின்ன வட்டம். இங்கதான் என்றார். தாளை மூக்குக்குக் கிட்ட வைத்துப் பார்த்தேன். இவ்வளவு நேரான கோட்டை டாக்டரம்மா ஸ்கேல் இல்லாமல் போட்டிருக்கிறாரே என்று முதலில் தோன்றியது. அம்மா தினம் போடுவாள், ஸ்கேலும் இல்லை, கண்ணும் இல்லை. நாங்களும் யாரும் இதைச் சொல்றதில்லம்மா, முகத்துல பூசுங்க கையில பூசுங்கன்னுதான் சொல்றோம் என்று டாக்டரம்மா சொன்னது என்னைத் தேற்றுவதற்காக. நான் தேறவில்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செண்பகவல்லியின் வகிட்டைப் பாருங்கள் என்று நான்காம் வகுப்பு டீச்சர் வரிசை முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்தார். இரட்டைச் சடை, நடு வகிடு, அது பள்ளிக்கூடத்துச் சட்டம். மற்றவர்களுக்கெல்லாம் வாய்க்கால் வரப்பு மாதிரி கோணிக்கொண்டு போகும், எனக்கு மட்டும் நெற்றியிலிருந்து பிடரிவரை நூல் பிடித்த மாதிரி. அம்மா அதற்குச் சீப்பின் ஓரப் பல்லை மட்டும் வைப்பாள், மூச்சைப் பிடித்துக்கொள்வாள், ஒரே இழுப்பு. என்னைப் பற்றி ஊரில் நல்லதாகச் சொல்ல இருந்தது அந்த ஒரு கோடுதான், அதைக் கொடுத்தது அம்மா. முடி அப்போது கருப்பு. மாதம் ஒரு தரம் சாயம் போடுவாள், பிள்ளை பிள்ளை மாதிரி இருக்கணும் என்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அன்றைக்கு, இனிமே வேண்டாம், இருக்கிற நிறத்தில் இருந்துவிட்டுப் போகிறேன் என்று நான்தான் நிறுத்தினேன். கருப்பு முடிக்கு நடுவில் அந்தக் கோடு ரோஜா நிறத்தில் தெரியுமாம், மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெளிச்சம் கண்ணைக் குத்துமே, அதனால் நான் எப்போதும் குனிந்துதான் நடப்பேன். பிரார்த்தனையிலும் குனிந்துதான் நிற்பேன், வரிசையிலும் அப்படியே, பஸ் ஸ்டாப்பிலும் அப்படியே. குனிஞ்ச தலை நிமிராத பொண்ணு என்று தெருவில் பேர். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அதைத்தான் சொன்னார்கள், நிறத்தைப் பற்றிச் சொல்லாமலிருக்க அதைச் சொன்னார்கள். குனிந்த தலையில் வகிடு நேரே வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. முகத்தைக் காப்பாற்றத்தான் குனிந்தேன். எனக்குச் சிரிப்பு வருகிறது, அடக்கிக்கொள்கிறேன், என்ன என்று அம்மா கேட்பாள்.

கேட்டால் சொல்லிவிடுவேனோ என்று பயம். சொல்லக்கூடாது. பிடிவாதம்தான், ஆனால் காரணமான பிடிவாதம். அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். நான் பிறந்த நாளிலிருந்து எந்த டாக்டரிடம் போனாலும் முதல் கேள்வி, சொந்தத்துல கல்யாணமா. ஒவ்வொரு தடவையும் அம்மா, ஆமா டாக்டர் என்பாள், திருடியவள் ஒத்துக்கொள்வது மாதிரி. இவளா மாமனைக் கட்டிக்கொள்கிறேன் என்று அடம் பிடித்தாள். பதினெட்டு வயதில் பிடித்துக் கட்டி வைத்தார்கள். ஆனால் பதில் சொல்வது இவள். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது, கடைசிவரை அவரிடம் ஒருத்தரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்த ஒரு பழியைத் தூக்கிக்கொண்டே முப்பத்தொரு வருடம் எனக்கு வெந்நீர் வைத்து, கிரீம் தேடி மதுரை வரைக்கும் போய், தலை பின்னியிருக்கிறாள். அவளிடம் போய், அம்மா, நீ ஆசையாகப் போட்ட கோட்டில்தான் வந்திருக்கிறது என்று நான் எந்த வாயால் சொல்வேன். சொல்லமாட்டேன். சென்னையில் பதினைந்து நாள் டிரெயினிங் என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆபீஸ் எஸ்தர் அக்கா வருகிறேன் என்றிருக்கிறது. திரும்பி வரும்போது மொட்டைத் தலைக்கு என்ன சொல்வது. இருக்கன்குடியில் முடி இறக்கினேன் என்று சொல்லலாம், மாரியம்மனுக்கு நேர்த்தி, திடீரென்று தோன்றியது. மொட்டையில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம் எப்படி என்று விரல் கேட்டால் என்ன சொல்வது. அதற்கு இன்னும் பொய் கிடைக்கவில்லை. திரும்பி வராமலே போனால் எந்தப் பொய்யும் வேண்டாம். இந்த நினைப்பு நேற்று பஸ்ஸில் வந்தது, சாத்தூர் தாண்டும்போது, அப்போதிருந்து போகவில்லை. நான் போய்விட்டால் காலையில் எட்டு மணிக்கு இந்த ஸ்டூலில் உட்கார்ந்து இவள் என்ன செய்வாள். புரைக் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வாள். சாகிறதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை, அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். உண்மையில் சாகத்தான் பயம். கத்திக்குப் பயம், தொடைத் தோலுக்குப் பயம், கழுத்தில் உருளுகிற கொட்டைக்குப் பயம். அம்மாவைச் சாக்காக வைத்துக்கொண்டு பயப்படுகிறேன்.

சீப்பு உச்சிக்கு வந்துவிட்டது. சிக்கு முடிந்தது. போனைத் தொடுகிறேன், எட்டு மணி பதினான்கு நிமிடம். இன்னும் ஆறு நிமிடம். அம்மா வலப்பக்கம் இடப்பக்கம் முடியைத் தள்ளிவிட்டு நெற்றியில் சீப்பின் ஓரப் பல்லை வைக்கிறாள். மூச்சைப் பிடிக்கிறாள், எனக்குக் கேட்கிறது. ஒரு வருடமாக இந்த இடத்தில் சீப்பு தட்டும். தட்டும்போது ஒன்றும் சொல்லமாட்டாள், பல்லைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்து மீதிக் கோட்டைப் போடுவாள். பொடுகுப் பொருக்கு என்று வேப்பெண்ணெய் தடவிவிட்டாள், நானும் பொருக்கு என்றுதான் இருந்தேன், தலையணையில் ரத்தம் பட்டபோதுகூடச் சீப்பு கீறியிருக்கும் என்று உறையைத் துவைத்துப் போட்டேன். ஒரு விரல். இரண்டு விரல். சீப்பு வருகிறது. மூன்று விரல். நின்றுவிட்டது. பல்லைத் தூக்கவில்லை. சீப்பை மடியில் வைக்கிற சத்தம். அப்புறம் அவள் விரல் வருகிறது, நுனி மட்டும், எண்ணெய் மினுக்கோடு. காயத்தைச் சுற்றித்தான் வருகிறது, தொடவில்லை. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. வெளியே பக்கெட்டில் சொட்டு விழுகிறது, நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், பதினொன்று வரை எண்ணியிருப்பேன்.

"ஷட்டரு இதே எடத்துலயா வந்து இடிச்சிது?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அந்தச் சொல் வரவில்லை. தினம் இருநூறு பேருக்குப் பொய்க்குரலில் பதில் சொல்கிறவள், இவள் ஒருத்திக்கு வரவில்லை.

"ஒரு வருசமா சீப்பு தட்டுன எடம். அதே எடத்துல இடிக்கதுக்கு ஷட்டருக்கு என்ன கண்ணா இருக்கு." குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, உப்புப் போட்டியா என்று கேட்கிற குரல்தான். "பத்து நாளா நெனச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னைக்கு ஐப்பசியில நீ கிரீமு பூசிட்டு ஒக்காந்திருக்க. காத்துக்கே குளிருது. அப்பமே தெரிஞ்சு போச்சு."

"அம்மா."

"எங்க, மதுரையா?"

"மதுரைதான். திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காங்க. முடிய எடுத்துருவாங்க."

"எடுக்கட்டும்." விரல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. "முடிக்கென்ன."

உன் மேல தப்பு இல்லம்மா, யாருமே சொல்லல, டாக்டரம்மாவே சொன்னாங்க, வகிட்ல பூசணும்னு யாரும் சொல்றதில்லைன்னு. நான் வேகவேகமாகச் சொல்கிறேன், புகார் போனில் பேசுகிற வேகத்தில், முந்திக்கொண்டு, அவள் வாயிலிருந்து எதுவும் வருவதற்கு முன்னால். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்த பிறகு பேசினாள்.

"சொன்னாரு. ஒனக்கு ஆறு வயசு இருக்கும், மதுரையில ஒரு வயசான டாக்டரு. இருபது நிமிசம் ஒக்கார வைன்னு சொன்னாருல்லா, அவருதான். வகிட்லயும் ஒரு இழுப்பு இழுத்து விடும்மான்னு சொன்னாரு. நானும் மறுநா வச்சு விட்டேன். கருப்புச் சாயத்துக்கு நடுவுல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி தெரிஞ்சிருக்கு. பள்ளிக்கூடத்துல பிள்ளைக ரோடு ரோடுன்னு கேலி பண்ணிருக்கு. சாயந்தரம் நீ வந்து அழுத அழுக. பையத் தூக்கி எறிஞ்ச. இனி பள்ளிக்கூடத்துக்குப் போமாட்டேன்னுட்ட. நாந்தான் துணிய நனைச்சு நல்லாத் தொடச்சு விட்டேன். எண்ணெ வைக்கோம், சாயம் போடுதோம், அது போதும்னு நானாச் சொல்லிக்கிட்டேன். அதுக்கப்புறம் வைக்கவே இல்ல."

எனக்கு அது நினைவில்லை. தேடுகிறேன், ஆறு வயதில் தேடுகிறேன், பை இருக்கிறது, சிவப்புப் பை, எறிந்தது இல்லை. ரோடு என்று கத்திய குரல்கள் இல்லை. ஈரத்துணி மட்டும் இருக்கிற மாதிரி இருக்கிறது, தலை நடுவில் குளுமையாக ஏதோ போகிறது, அம்மாவின் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன், சுகமாக இருக்கிறது. அதுவும் இப்போது கேட்டதால் நானாகச் செய்துகொண்டதா என்று தெரியவில்லை. நான் மறைக்க நினைத்ததை இவள் இருபத்தைந்து வருடமாக மறைத்து வைத்திருக்கிறாள். என்னிடமிருந்து என்னுடைய அழுகையை மறைத்து வைத்திருக்கிறாள். திரும்பி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, திரும்பினாலும் எனக்கு ஒரு மங்கல்தான் தெரியும், அவளுக்கும் அப்படித்தான்.

"அந்த டியூபக் குடு" என்கிறாள்.

எடுத்துக் கொடுக்கிறேன். பிதுக்குகிற சத்தம், காலியாகப் போகிற டியூபின் பர்ர் என்ற காற்று. நெற்றியில் குளிர்ந்தது. ஓரப் பல்லைப் போல் விரல் நுனியை வைத்து ஒரே இழுப்பில் வருகிறாள், காயம் வரைக்கும் வந்து, தூக்கி, அந்தப் பக்கம் வைத்து, பிடரி வரைக்கும் போகிறாள். வளையாமல்தான் போகிறது, எனக்குத் தெரியும்.

"இப்பந்தான் சாயம் கெடையாதே" என்கிறாள். "வெளிய தெரியாது."

பதின்மூன்று வருடமாகச் சாயம் இல்லை. பதின்மூன்று வருடமாகப் பூசியிருந்தாலும் வெளியே தெரிந்திருக்காது. அவளுக்கும் அது சொன்ன பிறகுதான் உறைத்திருக்க வேண்டும், கை அப்படியே என் தலைமேல் நின்றுவிட்டது. நான் அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொள்கிறேன். எண்ணெயும் கிரீமும் வழுக்குகின்றன, பிடி நிற்கவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். போனில் அந்தப் பெண் எட்டு மணி இருபது நிமிடம் என்கிறாள். எழுந்திருக்கப் போனேன்.

"இரு" என்றாள் அம்மா. "இப்பந்தான வச்சிருக்கு. இருபது நிமிசம் ஆகணும்ல."

உட்கார்ந்தேன். ஆபீஸுக்குப் போகிற பஸ் போகட்டும். அம்மா மறுகையால் சீப்பை எடுத்து, வகிட்டைத் தொடாமல், காதோரத்து முடியை வாரத் தொடங்கினாள்.